மேலே காஞ்சிடுச்சு, பெயிண்ட் அடிக்கலாமா?

மே மாத லீவில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை உட்காரவைத்துக் காகிதக்கூழ் வேலை சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். கிண்ணம், பேனா ஸ்டாண்ட், சுவரில் மாட்டும் தட்டு, கொலுவுக்குக் குட்டிக் குட்டியாகப் பழம், காய்கறி. இந்த வருஷமும் மூன்றாம் நாளே அந்தக் கேள்வி வந்துவிட்டது. எட்டு வயதுப் பெண் ஒருத்தி கிண்ணத்தை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “மேலே காஞ்சிடுச்சு ஆன்ட்டி, பெயிண்ட் அடிக்கலாமா?” என்றாள். சாயங்காலம் கூட்டிப்போக வந்த அவள் அம்மாவும் அதையேதான் கேட்டார். பல வருஷத்துக்கு முன்னால் எனக்கும் இதே கேள்வி எழுந்தது. கேட்க ஆள் இல்லை, அதனால் அடித்தே விட்டேன்.

கத்தரிக்கோல் பத்திரம், தரையில் பேப்பர் விரி என்றெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தெரிந்தவர்களே செய்யும் சில தப்புகள் இருக்கின்றன, அவற்றை மட்டும் பார்ப்போம்.

நீளநீளமாகக் கிழித்து மிக்ஸியில் போடுவது

நாடாவாகக் கிழித்த பேப்பர் பிளேடைச் சுற்றிக்கொள்ளும். மோட்டார் உறுமும், அப்புறம் கருகல் வாடை வரும். நான் ஒரு மிக்ஸியை இப்படித்தான் கொன்றேன். தபால்தலை அளவுக்குக் கிழித்து, இரண்டு ராத்திரி ஊறவைத்து, நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அரைக்கும்போது ஜாரில் ஒரு கைப்பிடி கூழ்தான், மீதியெல்லாம் தண்ணீர். அந்த ஜாரில் அச்சு மை இறங்கியிருக்கும், திரும்பச் சட்னிக்குப் போகக் கூடாது. பளபளப்பான பத்திரிகைத் தாள் எத்தனை நாள் போட்டாலும் சரியாக ஊறாது. நாளிதழ்தான் தோது.

வெறும் மைதாப் பசை

ஒட்டும், சந்தேகமில்லை. ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து வைத்த மாதிரியும் ஆகும். போஸ்டர் ஒட்டுகிறவர்களும் பைண்டிங் செய்கிறவர்களும் இதற்காகத்தான் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு நாமும் கலக்கக் கூடாது. துத்தம் விஷம், பிள்ளைகள் கை போடும் பசைக்கு ஆகவே ஆகாது.

என் பாட்டிக்கு மைதாவும் தேவைப்படவில்லை, துத்தமும் தேவைப்படவில்லை. வெந்தயத்தை ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் ஆட்டுக்கல்லில் அரைப்பார். அது பொங்கி, வழுவழுவென்று கையோடு வரும். பேப்பர் கூழோடு சேர்த்துப் பிசைந்து, கவிழ்த்த குடத்தின் மேல் ஈரத்துணி போர்த்தி, அதன் மேல் கையாலேயே அப்பிக் கூடை செய்வார். ஓட்டை விழுந்த முறத்தையும் அதே கூழால்தான் மெழுகுவார். அந்தக் கூடையில் மிளகாய் வற்றல் போட்டுப் பரணில் வைத்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெந்தயக் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பார். நான் ஒரு கிலோ உலர்ந்த பேப்பருக்கு நூறு கிராம் வெந்தயம் போடுகிறேன். பிள்ளைகளுக்கு அந்த வாசனை பிடிக்காது, இரண்டு நாளில் பழகிவிடும்.

ஈரத்தை உள்ளே வைத்துப் பூசி மூடுவது

இதைக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்லித்தான் ஆகவேண்டும். பணமும் போய் மானமும் போன இடம் இது.

தெரிந்தவர் ஒருவர் நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்க நாற்பது கிண்ணம் கேட்டார். ஒன்று அறுபது ரூபாய். எனக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். புரட்டாசி பிறந்த பிறகுதான் கூழே கரைத்தேன். கிண்ணம் கெட்டியாக இருக்கட்டும் என்று சுண்டுவிரல் கனத்துக்கு அப்பினேன். இரண்டு நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் தூறல், எல்லாவற்றையும் கூடத்துக்குத் தூக்கி வந்து ஃபேனடியில் பரப்பினேன். தொட்டுப் பார்த்தால் அப்பளம் மாதிரி மொரமொரவென்று இருந்தது. காய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, சுண்ணாம்புத் தூளும் ஃபெவிகாலும் குழைத்து ஒரு பூச்சு, மேலே அக்ரிலிக், அதற்கும் மேலே உள்ளும் வெளியும் இரண்டு கை வார்னிஷ். அழகென்றால் அப்படி ஓர் அழகு.

ஏழாம் நாள் கொலுவன்று போன் வந்தது. திட்டவில்லை. “ஒரு வாடை வருதும்மா, வந்து பாரேன்” என்றார், அவ்வளவுதான். ஈரத்துணியை மூட்டைகட்டி மறந்துபோனால் ஒரு நாற்றம் வருமே, அது. பாதிக்கு மேல் கிண்ணங்களில் வார்னிஷ் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றைக் கத்தியால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் வெள்ளையாக, கட்டியாக ஓர் ஓடு. உள்பக்கமும் அப்படியே. நடுவில் சதசதவென்று கறுப்பாக ஒரு கோடு, அதில் சாம்பல் நிறப் பூஞ்சை மயிர்மயிராக. இதில்தான் மஞ்சள் குங்குமம் வைத்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்கள்! வாங்கிய 2,400 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தேன். பெயிண்ட், வார்னிஷ் செலவு தனி.

நடந்தது இதுதான். கடும் வெயிலில் வெளித்தோல் சட்டென்று காய்ந்து சுருங்கி இறுகிவிடுகிறது. நடுவில் இருக்கும் தண்ணீர் அந்தத் தோலைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டும், மெதுவாகத்தான் வரும். அதற்குள் நாம் வார்னிஷ் அடித்துக் கதவைச் சாத்திவிடுகிறோம். உள்ளே இருட்டு, ஈரம், தின்பதற்கு வெந்தயமும் பேப்பரும். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? ஹேர் டிரையர் காட்டினாலும், ஓவனில் வைத்தாலும் இதே கதைதான், தோல் இன்னும் சீக்கிரம் இறுகும், அவ்வளவுதான் வித்தியாசம். ‘அரை மணி நேரத்தில் அழகான கிண்ணம்’ என்று வீடியோ போடுகிறார்களே, மூன்று வாரம் கழித்து அதே கிண்ணத்தை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான்: பாட்டி கூடையை முதல் நாலு நாள் தாழ்வாரத்து நிழலில் வைத்ததை நான் கண்ணால் பார்த்தவள். வெயிலுக்குக் கொண்டுபோனது அதற்கப்புறம்தான். அவர் கூடைக்கு வார்னிஷும் கிடையாது. பார்த்திருந்தும் செய்தேன்.

இப்போது நான் செய்வது இப்படி. கனம் அரை சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயம் மூன்றை அடுக்கினால் வரும் உயரம். அதற்கு மேல் கனம் வேண்டுமென்றால் முதல் பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகு அடுத்தது. முதல் இரண்டு நாள் நிழல், ஆனால் காற்று ஓடும் நிழல். தரையில் வைக்காமல் சல்லடையைக் கவிழ்த்து அதன் மேல் வைப்பேன், அடிப்பக்கமும் மூச்சு விடட்டும். மூன்றாம் நாள் அச்சைக் கழற்றிவிட்டுத் திருப்பி வைப்பது, அப்புறம்தான் இளவெயில்.

காய்ந்ததா என்று விரலைக் கேட்காதீர்கள், விரல் பொய் சொல்லும். கன்னத்தில் வையுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும். மண்பானை குளிர்கிற அதே காரணம்தான், ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அடுத்து, சுண்டிப் பாருங்கள். ‘தொப்’ என்றால் ஈரம், ‘டொக்’ என்றால் சரி. இந்த இரண்டிலும் ஏமாந்திருக்கிறேன். ஏமாற்றாத ஒன்று சமையலறைத் தராசு. தினம் காலையில் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதிவையுங்கள். என் கிண்ணம் ஒன்றின் கணக்கு: அப்பிய அன்று 640 கிராம், நாலாம் நாள் 310, ஐந்தாம் நாள் 262, ஆறில் 241, ஏழில் 238, எட்டிலும் 238. எடை இறங்குவது நின்றால்தான் தண்ணீர் வெளியேறுவது நின்றது என்று அர்த்தம். ஐந்தாம் நாளே அது கல் மாதிரி இருந்தது என்பதைக் கவனியுங்கள். அன்றைக்கு வார்னிஷ் அடித்திருந்தால் 24 கிராம் தண்ணீரை, கிட்டத்தட்ட ஐந்து டீஸ்பூனை, உள்ளேயே பூட்டியிருப்பேன்.

மழைநாளில் எடை நின்ற பிறகும் ஒன்றிரண்டு கிராம் ஏறும், பேப்பர் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். அன்றைக்கும் பெயிண்ட் வேண்டாம்.

கொலுவுக்கு நெருக்கத்தில் ஆரம்பிப்பது

நவராத்திரி வருவது மழை எட்டிப்பார்க்கும் சமயத்தில். ஆகவே கூழ் வேலை ஆடியிலேயே முடிந்துவிட வேண்டும். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, கூழ் நன்றாகக் காயும். ஆவணியில் பெயிண்ட். கிண்ணத்துக்குள் ஒரு கல்லை மட்டும் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு மாடியில் போய்ப் பொறுக்கவேண்டி வரும்.

பலூனை அச்சாக வைத்து வெயிலில் காயவைப்பது

பகல் சூட்டில் பலூன் உப்பும், ராத்திரி சுருங்கும். கூடவே ஈரக் கூழும் விரிந்து சுருங்கி வெடிப்பு விடும். சில சமயம் பலூனே ‘டப்’. எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொள்ளுங்கள். காய்ந்ததும் தானாகக் கழன்று வரும்.

தெர்மாகோல் மேல் ஸ்ப்ரே பெயிண்ட்

கரைந்து குழி விழும்.

ஜிகினாத் தூள்

வேண்டாம். தீபாவளிக்குக் கொட்டியது பொங்கலுக்கும் சாம்பாரில் கிடக்கும்.

பிள்ளை வரைந்த கண்ணைப் பெரியவர்கள் திருத்துவது

கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மைக்குக் கண் எழுதுகிறவர்களுக்குப் பல வருஷப் பழக்கம் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு மூன்று நாள். ஒரு கண் பெரிசாக, ஒரு கண் சின்னதாக, அப்படியே ஷெல்பில் ஏறட்டும்.

அந்த எட்டு வயதுக்காரி இப்போது தினம் காலை ஏழரைக்கு வந்து, தன் கிண்ணத்தைத் தராசில் வைத்து, மாடிச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போகிறாள். நேற்று 251. இன்றைக்கு 244. எழுதிவிட்டு என்னை முறைத்தாள்.