மாடிப்படி இறங்கினால் முட்டி வலிக்கிறதா? ஒரே ஒரு நாற்காலி போதும்

ரங்கூனில் பழைய கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு முட்டிவலி என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. லிஃப்ட் கிடையாது. படிகள் குறுகல், செங்குத்து, கரண்ட் போய்விட்டால் இருட்டு வேறு. ஐம்பதைத் தாண்டிய பிறகு ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி உயிரை வாங்கும். எனக்கு இறங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. இப்போது பரவாயில்லை, நடுவில் நிற்காமல் இறங்கிவிடுகிறேன். அதற்கு நான் செய்த, இன்றும் செய்துகொண்டிருக்கிற பயிற்சியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வடிகட்டல். முட்டி சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியவில்லை, முட்டி மடக்கிய இடத்திலேயே பூட்டிக்கொள்கிறது, ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் திடீரென்று வீங்கி வலிக்கிறது என்றாலும் அப்படியே. காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு மேல் கைகால் மூட்டெல்லாம் இறுகிக் கிடந்தால் அது வேறு வகை வாதமாக இருக்கலாம், அதையும் காட்டிவிடுங்கள். இந்தப் பதிவு வயதானால் வருகிற சாதாரண தேய்மானத்துக்கு.

அந்தத் தேய்மானம் என்ற சொல்லைக் கேட்டவுடனே எல்லோரும் "இனி நடக்காதே, உட்கார்" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் கோபம் வரும். மூட்டுக்குள் இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அசையும்போது மூட்டு நீர் அதற்குள் போய்வருவதால்தான் அதற்குச் சாப்பாடே கிடைக்கிறது. உட்கார்ந்தே இருந்தால் அதுவும் போச்சு, முட்டியைத் தாங்கிப் பிடிக்கிற தொடைச் சதையும் வற்றிப்போகும். சதை வற்றினால் சுமை முழுக்க மூட்டில் இறங்கும், இன்னும் வலிக்கும், இன்னும் உட்காருவோம். எந்த நாட்டு மருத்துவ வழிகாட்டுதலை எடுத்தாலும் முட்டித் தேய்மானத்துக்கு முதலில் சொல்வது உடற்பயிற்சியைத்தான். மாத்திரையெல்லாம் அதற்கு அப்புறம்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில்: தொடையை எழுப்புவது

கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முட்டியின் பின்பக்கத்தால் துண்டைக் கீழே அழுத்துங்கள், தொடையின் முன்சதை கல் மாதிரி இறுக வேண்டும். 5 எண்ணும் வரை பிடித்து விடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை. மூச்சை அடக்காதீர்கள், சத்தமாக எண்ணினால் தானாகவே மூச்சு போகும். வலி அதிகமாக இருக்கும் நாளில் இது ஒன்றைச் செய்தாலே போதும்.

அப்புறம்: நேராகக் கால் தூக்குவது

மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கிப் பாதத்தை ஊன்றி, மற்றக் காலை மடங்காமல் ஒரு அடி உயரத்துக்குத் தூக்கி, மெதுவாக இறக்குவது. இதுவும் 10 தடவை. சுலபமாகிவிட்டால் கணுக்காலில் எடை கட்டலாம். அதற்கென்று விற்கிற பட்டையெல்லாம் வாங்காதீர்கள். 50 டிக்கல் உப்புப் பாக்கெட்டை, அதாவது பர்மா எடைக் கணக்கில் அரை வீசை, பழைய காலுறைக்குள் போட்டுக் கணுக்காலில் கட்டினால் ஏறக்குறைய 800 கிராம் ஆயிற்று. முடிந்ததும் உப்பு சமையலறைக்கே திரும்பிப் போய்விடும்.

நாற்காலி: இதுதான் முக்கியம்

உட்கார்ந்து எழுவதில் என்ன பயிற்சி என்று கேட்பீர்கள். இந்தப் பதிவே இதற்காகத்தான், மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ளத்தான்.

தேக்கு நாற்காலியோ சாப்பாட்டு மேசை நாற்காலியோ, கைப்பிடி இல்லாமல், உட்காருமிடம் தரையிலிருந்து 43 சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும். சுவரில் முதுகு முட்டும்படி போடுங்கள், டைல்ஸ் தரையில் நாற்காலி வழுக்கும். டீக்கடையில் போடுகிற குட்டி பிளாஸ்டிக் முக்காலியில் இதைச் செய்யவே கூடாது, அந்த உயரத்திலிருந்து எழுவது நல்ல முட்டிக்கே சோதனை.

நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து வாருங்கள். பாதங்களைப் பின்னால் இழுத்து, முட்டிக்கு நேர் கீழேயோ அதற்கும் சற்று உள்ளேயோ வையுங்கள், இடுப்பு அகலத்துக்கு இடைவெளி. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டுங்கள். இப்போது எழ வேண்டும்.

எனக்கு நெடுநாள் பிடிபடாத இடம் இது. நம்மில் பலர் முதுகை நிமிர்த்திக்கொண்டே, நேராக மேலே எழப் பார்க்கிறோம். உடம்பின் பாரம் பின்னால் இருக்க, முட்டி மட்டும் அதைத் தள்ளித் தூக்க வேண்டியிருக்கிறது, வலிக்காமல் என்ன செய்யும்? முதலில் முன்னால் குனிய வேண்டும், அதுவும் நாம் நினைப்பதைவிட அதிகமாக. மூக்கு கால்விரல் நுனிக்கு நேர் மேலே வரும் வரை இடுப்பிலிருந்து சாயுங்கள், முதுகு வளையக் கூடாது. அந்த இடம் வந்ததும் பிருஷ்டம் தானாக நாற்காலியை விட்டுக் கிளம்பும், அப்போது குதிகாலால் தரையைத் தள்ளி எழுந்தால் வேலையைப் பின்தொடையும் பிருஷ்டத்துச் சதையும் வாங்கிக்கொள்ளும். ஒரு தடவை சரியாக வந்துவிட்டால் உங்களுக்கே தெரியும், முட்டியில் அந்தச் சுரீர் இருக்காது.

எழும்போது முட்டி இரண்டும் உள்பக்கமாக ஒன்றையொன்று பார்த்துச் சாய்கிறதா என்று கவனியுங்கள். பெண்களுக்கு இது அதிகம். இரண்டாவது கால்விரலுக்கு நேராக முட்டி இருக்க வேண்டும். எதிரே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டால் நல்லது.

இனி உட்காருவது. பெரும்பாலோர் பாதி தூரம் வரை ஒழுங்காக வந்து கடைசியில் தொப்பென்று விழுவார்கள். அந்தக் கடைசி நாலு விரற்கடைதான் மாடிப்படி இறங்கும்போது தொடை செய்ய வேண்டிய வேலை. பாரத்தைத் தாங்கிக்கொண்டே சதை நீளுகிறது, பிரேக் பிடித்தபடி வண்டி சரிவில் இறங்குவது போல. அதனால் உட்காரும்போதும் முன்னால் சாய்ந்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, 4 எண்ணிக்கொண்டு இறங்குங்கள். நாற்காலி சத்தம் போடக் கூடாது. என்னைக் கேட்டால், எழுவதைவிட இந்த இறக்கத்துக்குத்தான் மதிப்பெண் போடுவேன்.

ஆரம்பத்தில் 5 தடவை போதும். கொஞ்சம் ஓய்வு, இன்னொரு 5. ஒன்றுவிட்டு ஒருநாள் செய்யுங்கள், போகப்போக 10 தடவை கொண்ட மூன்று சுற்றுக்கு வந்துவிடலாம். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால், அல்லது முட்டி வீங்கினால், அளவு அதிகம் என்று அர்த்தம். பாதியாகக் குறையுங்கள், நிறுத்திவிட வேண்டாம்.

எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள இதிலேயே ஒரு சோதனை இருக்கிறது, பிசியோதெரபிஸ்டுகள் செய்வது. கையைக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை முழுக்க எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணுவது. 60 முதல் 64 வயது வரை ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12க்குக் குறைந்தால் கால்பலம் வயதுக்குக் குறைவு. 70 முதல் 74 வரை ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10. பக்கத்தில் யாரையாவது நிறுத்திக்கொண்டு செய்யுங்கள், மாதம் ஒரு தடவை போதும்.

குதிகால் தூக்குவது

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி மெதுவாக இறக்குங்கள், 10 தடவை. மொஹிங்காவுக்கு (பர்மிய மீன் நூடுல்ஸ்) குழம்பு கொதிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். அப்படியே ஒரு காலில் 10 எண்ணும் வரை நின்று பாருங்கள், ஆனால் கை மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். மழைக்காலத்தில் பாசி பிடித்த நடைபாதையில் நடக்கிற நமக்கு நிதானம் சும்மா கிடைப்பதில்லை.

கடைசியில்தான் படி

நாற்காலி நன்றாக வந்த பிறகு இதற்கு வாருங்கள், முன்னால் வேண்டாம். கீழ்த்தளத்தின் முதல் படியில் கைப்பிடியைப் பிடித்து நின்று, ஒரு காலை முன்னால் நீட்டி, குதிகால் தரையைத் தொடும் வரை மெதுவாக இறக்கித் திரும்ப மேலே வாருங்கள். வேலை செய்வது மேலே நிற்கிற கால். ஒவ்வொரு காலுக்கும் 5.

வலி இருக்கிற நாளில் மாடி ஏற ஒரு விதி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து. ஊன்றுகோல் இருந்தால் வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில். பலர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள், அதில் பலன் பாதிகூட இல்லை. வெல்வெட் செருப்போடு படி இறங்காதீர்கள், கையில் எடுத்துக்கொள்ளுங்கள். லுங்கியோ புடவையோ, கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, இன்னொரு கை கைப்பிடியில்.

இரண்டு கையும் வேண்டுமென்றால் சுமை எங்கே போகும்? பால்கனிக் கயிறு இருக்கிறதே. நுனியில் கிளிப் மாட்டித் தெருவுக்குத் தொங்கவிட்டு, பேப்பரையும் காய்கறிப் பையையும் மேலே இழுக்கிறோம் அல்லவா, அந்தக் கயிற்றைச் சுமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் கயிறு இருக்கிறது என்று நாள்கணக்கில் கீழேயே இறங்குவதில்லை. பை கயிற்றில் வரட்டும், நீங்கள் படியில் வாருங்கள்.

வாங்குவதும் வாங்காததும்

ரப்பர் பட்டை, மின்சார மசாஜ் கருவி எதுவும் தேவைப்படவில்லை. முட்டி உறை கொஞ்சம் தைரியம் தரும், போடலாம், ஆனால் பயிற்சிக்குப் பதிலாக அல்ல. குளுக்கோசமைன் மாத்திரைக்கு நான் காசு கொடுக்க மாட்டேன், பிரிட்டனின் 2022 வழிகாட்டுதல் மூட்டுத் தேய்மானத்துக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. அதே வழிகாட்டுதல் முட்டிக்கு டைக்லோஃபெனாக் போன்ற வலிநீக்கி ஜெல்லைப் பரிந்துரைக்கிறது, மேலே தடவுவதால் விழுங்குகிற மாத்திரை அளவுக்கு வயிற்றையும் சிறுநீரகத்தையும் தொந்தரவு செய்யாது.

டைகர் பாம் தடவாத வீடு நம் ஊரில் ஏது, அது பிறந்ததே ரங்கூனில்தானே. கற்பூரமும் மெந்தாலும் தோலில் சூடும் குளிர்ச்சியும் காட்டி வலியை மறக்கடிக்கும், மூட்டுக்குள் ஒன்றும் செய்யாது. பயிற்சிக்கு முன் வெந்நீர் ஒத்தடமும் அப்படித்தான், இறுக்கம் தளரும். நான் இரண்டையும் விடவில்லை.

ஆனால் ஒன்று. கடையில் நாலைந்து நிற மாத்திரையைச் சேர்த்துப் பொட்டலம் கட்டித் தருவார்கள், மறுநாளே வலி பறந்துவிடும். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். நாள்பட விழுங்கினால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். என்ன மாத்திரை என்று பெயர் சொல்லாத எதையும் விழுங்காதீர்கள்.

எடையும் பேசியாக வேண்டும். ஒரு வீசை எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு ஏறக்குறைய 4 வீசை சுமை குறைகிறது. டீக்குள் ஊற்றுகிற டின்பாலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பின்சேர்க்கை

பதிவு போட்ட பிறகு வந்த கேள்விகளில் அடிக்கடி வந்தது, "மாமியாருக்கு எழுபதுக்கு மேல், கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை". உயரத்தைக் கூட்டுங்கள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் சற்று உயரும், போதாவிட்டால் மூன்று, ஆடாமல் இருக்கிறதா என்று முதலில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். கையைத் தொடையில் ஊன்றி எழட்டும். பலம் வர வர ஒவ்வொரு நாற்காலியாக எடுத்துவிடலாம்.

மோல்மீனிலிருந்து ஒருவர், எழும்போதெல்லாம் முட்டி டக் டக் என்கிறது, பயமாக இருக்கிறது என்று கேட்டிருந்தார். வலியோ வீக்கமோ இல்லாத சத்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் செய்யாதீர்கள்.

கோயில் பந்தியில் தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்றவர்களுக்கு: நேராக எழப் பார்க்காமல், ஒரு பக்கமாகத் திரும்பி, மடித்த துண்டின்மேல் இரண்டு முட்டியையும் ஊன்றி, நல்ல காலின் பாதத்தை முன்னால் வைத்து, அந்தத் தொடையில் கையை அழுத்தி எழுங்கள். தூண் ஓரமாக இடம் பிடித்தால் இன்னும் வசதி. அதுவும் முடியாவிட்டால் நாற்காலி கேளுங்கள், எந்தக் கோயிலிலும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். இலையை மடியில் வைத்துச் சாப்பிடுவது மட்டும்தான் கொஞ்சம் சிரமம், ரசம் ஊற்றும்போது கையை நீட்டித் தடுத்துவிடுங்கள்.