ஆபிஸ் சாஃப்ட்பால் டீமை சீசன் முடியுற வரைக்கும் ஓட்டுறது எப்படி

ஆபிஸ்ல சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி, ஆனா கொஞ்சம் பெரிய பந்துல ஆடுற ஆட்டம்) டீம் போடலாம்னு சொன்ன அன்னிக்கு எல்லாரும் பேர் குடுப்பாங்க, மூணாவது மேட்சுக்கு பாத்தா ஏழு பேர் நிப்பாங்க. முதல்ல சமாளிக்க வேண்டியது இதத்தான், ஆட்டமெல்லாம் அப்புறம். ஆபிஸ் லீக்னா பெரும்பாலும் ஸ்லோபிட்ச்தான், அதாவது பந்த மெதுவா வளைச்சு போடுற வகை, அதுல ஃபீல்டுல 10 பேர் நிக்கணும், அதனால லிஸ்ட்ல 15, 16 பேர் இருந்தா சரியா இருக்கும். ஆசைப்பட்டு 25 பேரை சேர்த்துடாதீங்க, வந்தவங்கள்ல பாதி பேர் பெஞ்சுல உக்காந்துட்டு போனா அடுத்த வாரம் அவங்க முகத்த பாக்க முடியாது. குறைஞ்சது எத்தனை பேர் இருந்தா மேட்ச் ஆட விடுவாங்க, வெளியாள இறக்கலாமா, மிக்ஸட் டீம்னா பெண்கள் எத்தனை பேர் கட்டாயம், இதெல்லாம் லீக்குக்கு லீக் மாறும், பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

க்ரூப்ல பொதுவா "யார் யார் வர்றீங்க"ன்னு போட்டா கட்டைவிரல் எமோஜியா வரும், ஆள் வராது. மேட்சுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி கேளுங்க, "பாக்கலாம்"னு சொன்னா வரலன்னே வச்சுக்கோங்க. இந்த வேலைய செய்ய சலிக்காத ஆள்தான் கேப்டன், நல்லா ஆடுறவர்தான் கேப்டனா இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. தயவுசெஞ்சு மேனேஜர கேப்டனாக்காதீங்க, அவர போய் யார் சார் பெஞ்சுல உக்காருங்கன்னு சொல்றது?

சாமான் விஷயத்துல க்ளவ் மட்டும் ஆளுக்கு ஒண்ணு வேணும், வலது கையால எறியுறவங்க அத இடது கையில போடணும். பேட் ரெண்டு மூணு பொதுவா இருந்தா போதும், ஆனா லீக் ஒத்துக்குற முத்திரை அதுல இருக்கான்னு பாத்து வாங்குங்க, பேஸ்பால் பேட்ட தூக்கிட்டு போனா அம்பயர் திருப்பி அனுப்பிடுவார். பந்து சுற்றளவு 12 இன்ச், பெண்களுக்கு நிறைய லீக்ல 11. இரும்பு ஸ்பைக் ஷூவ பெரும்பாலான லீக்ல விடமாட்டாங்க.

கிரிக்கெட் ஆடி பழகினவங்க டீம்ல இருந்தா அவங்களுக்கு தனியா ஒரு கிளாஸ் எடுத்தே ஆகணும். அடிச்ச பந்து ரெண்டு எல்லைக் கோட்டுக்குள்ள தரையில உருண்டுச்சுன்னா ஃபர்ஸ்ட் பேஸுக்கு (ரன் எடுக்க வரிசையா தொட வேண்டிய நாலு இடத்துல முதல் இடம்) ஓடியே தீரணும், வேணாம்னு நிக்கிறதுக்கு இங்க இடமே இல்ல, ஓடும்போது பேட்ட கையோட கொண்டு போகக்கூடாது, கீழ போட்டுட்டு போகணும், அதுக்காக தூக்கி வீசவும் கூடாது, பேட்ஸ்மேனுக்கு பின்னாடி நிக்கிற கேட்சர் மண்டை உடைஞ்சிரும். ஃபைன் லெக் பக்கம் அழகா தட்டி விட்டா அது ஃபவுல், அதாவது கோட்டுக்கு வெளிய போன பந்து, நிறைய ஸ்லோபிட்ச் லீக்ல ரெண்டு ஸ்ட்ரைக்குக்கு (அடிக்காம விட்ட நல்ல பந்து, இல்ல வீசி தவறவிட்ட பந்து) அப்புறம் ஃபவுல் அடிச்சா நேரா அவுட்தான். ஃபர்ஸ்ட் பேஸ தாண்டி ஓடலாம், செகண்ட், தேர்ட் பேஸ தாண்டி ஓடினா பந்தால தொட்டு அவுட் பண்ணிடுவாங்க.

யார எங்க நிறுத்துறது? பிட்சருக்கு வேகம் வேண்டாம், கைய கீழ இருந்து வீசி பந்த 6 அடிக்கு மேல, ஏறக்குறைய 10, 12 அடிக்குள்ள வளைச்சு திரும்பத் திரும்ப ஒரே இடத்துல போடத் தெரியணும். ஆனா அவர் பேட்ஸ்மேன்ல இருந்து 50 அடியிலதான் நிக்கிறார், நேரா முகத்துக்கு வர்ற பந்த பாத்து ஒதுங்கத் தெரியாதவர அங்க நிறுத்தாதீங்க. வலது கைக்காரங்க அடிக்கிறது அதிகமா இடது பக்கம்தான் போகும், அதனால நல்ல ஃபீல்டர்ஸ ஷார்ட்ஸ்டாப்லயும் (செகண்ட், தேர்ட் பேஸுக்கு நடுவுல இருக்குற இடம்) லெஃப்ட் ஃபீல்டுலயும் போடுங்க, கை நழுவாம பிடிக்கிறவர் ஃபர்ஸ்ட் பேஸுக்கு. புதுசா கத்துக்குறவங்க ரைட் ஃபீல்டுல நிக்கலாம், இல்லன்னா கேட்சரா இருக்கலாம், ஸ்லோபிட்ச்ல பேஸ் திருடுறது (பந்த அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிடறது) பெரும்பாலும் கிடையாதுங்கிறதால கேட்சருக்கு தலைவலி கம்மி.

ப்ராக்டிஸுக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்குதுன்னா பாதிய எறியுறதுக்கே ஒதுக்குங்க. புது டீமுக்கு ஒரே இன்னிங்ஸ்ல எட்டு ரன் போறது எதிராளி அடிச்சதால இல்ல, நம்மாளு பதட்டத்துல ஃபர்ஸ்ட் பேஸுக்கு மேல எறிஞ்சு, அத எடுக்க ஓடினவர் தேர்டுக்கு மேல எறிஞ்சு, அதுக்குள்ள ரெண்டு பேர் ஹோமுக்கு, அதாவது ரன் ஆகுற கடைசி பேஸுக்கு, வந்து சேர்றதாலதான். பந்து வர்றதுக்கு முன்னாடியே எங்க எறியணும்னு ஒவ்வொருத்தரும் முடிவு பண்ணி வச்சிருக்கணும், அவுட் கிடைக்காதுன்னு தெரிஞ்சா பந்த கையில வச்சுக்கிட்டு பேசாம நிக்கலாம், தப்பே இல்ல. பேட்டிங்ல சிக்ஸர் ஆசைய விட்டுட்டு பந்து இறங்குற வரைக்கும் காத்திருந்து தாழ்வா அடிக்க சொல்லுங்க. லீக் அனுமதிச்சா வந்த எல்லாரையும் பேட்டிங் ஆர்டர்ல போட்டுடுங்க, அடிக்க சான்ஸ் கிடைச்சவங்கதான் அடுத்த வாரமும் வருவாங்க.

நாள் முழுக்க நாற்காலியில உக்காந்திருந்த ஆள் திடீர்னு ஃபர்ஸ்ட் பேஸுக்கு பறந்தா தொடை பின்சதை பிடிச்சுக்கும், சீசன் அவருக்கு அன்னிக்கே முடிஞ்சுது. மெதுவா ஓடி, அப்புறம் வேகமா, கிட்ட இருந்து எறிஞ்சு, அப்புறம் தூரத்துல இருந்து, பத்து நிமிஷம் போதும். இடி சத்தம் கேட்டா மேட்ச் டையா இருந்தாலும் பேட்ட போட்டுட்டு உள்ள போயிடுங்க, கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிஷம் கழிச்சுதான் திரும்ப இறங்கணும்.

ப்ளேஆஃப் வந்துட்டா திடீர்னு எல்லாரும் ஃப்ரீயா இருப்பாங்க, நல்லா ஆடுற அந்த காணாமப்போன ஆளும் வருவார். சீசன்ல இத்தனை மேட்ச் ஆடியிருந்தாதான் ப்ளேஆஃப்ல இறக்கலாம்னு சில லீக்ல ரூல் இருக்கு, அதனால யார் எந்த மேட்ச் ஆடினாங்கன்னு முதல் வாரத்துல இருந்தே எழுதி வச்சுக்கோங்க.