லாஸ்லெஸ் சந்தா கட்டியும் வீட்டு செட்டில் லாஸ்லெஸ் வராதது ஏன்?

ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் கூடுதல் கட்டணம் இல்லாமல் லாஸ்லெஸ், அதாவது தரவு எதுவும் இழக்காத ஒலித் தரம், தரத் தொடங்கியது. ஸ்பொட்டிஃபை 2025 செப்டம்பரில் பிரீமியம் சந்தாதாரர்களுக்கு அதை நாடு நாடாகத் திறந்தது. கொழும்பில் எத்தனையோ வீடுகளின் ஹோலில் நல்ல அம்ப்பும் ஸ்பீக்கரும் இருக்கின்றன, ஃபைபர் இணைப்பும் இருக்கிறது. ஆனாலும் ஸ்பீக்கருக்கு வந்து சேர்வது பழைய சுருக்கப்பட்ட தரம்தான். பிழை பெரும்பாலும் கருவியின் விலையில் இருப்பதில்லை. செயலியில் கிளம்பிய பாட்டு அம்ப்புக்குள் போகும் வரைக்கும் உள்ள வழியில், எங்கோ ஓரிடத்தில் அது நசுங்குகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் புதிய பெட்டி வாங்குவது வீண் செலவு.

முதலில் செட்டிங்கைப் பாருங்கள். லாஸ்லெஸ் தானாக ஓன் ஆவதில்லை. ஆப்பிள் மியூசிக்கில் ஓடியோ குவாலிட்டி என்ற இடத்தில் லாஸ்லெஸை ஓன் செய்து, வைஃபை, மொபைல் டேட்டா, டவுன்லோட் மூன்றுக்கும் தனித்தனியாகத் தரம் தெரிவு செய்ய வேண்டும். ஸ்பொட்டிஃபையில் மீடியா குவாலிட்டி என்ற பகுதி. அதை ஃபோன், டெப், லெப்டொப் என்று ஒவ்வொரு கருவியிலும் புதிதாகச் செய்ய வேண்டும். முன்பு டவுன்லோட் செய்து வைத்த பாட்டுகள் பழைய தரத்திலேயே கிடக்கும். அழித்துவிட்டுத் திரும்ப இறக்கினால்தான் மாறும். சத்தம் சுற்றிலும் இருந்து வருவதுபோல் காட்டும் டொல்பி அட்மொஸையும் கவனியுங்கள்: ஸ்ட்ரீமிங்கில் வரும் அட்மொஸ் சுருக்கப்பட்ட வடிவம், லாஸ்லெஸ் அல்ல. இரண்டு ஸ்பீக்கர் செட்டில் கேட்பவர்கள் அதை ஓஃப் செய்வதே சரி. வொலியூமைச் சமப்படுத்தும் வசதியும் ஈக்குவலைசரும் ஓனில் இருந்தால் பாட்டின் தரவு மாறித்தான் வெளியே வரும்.

புளூடூத்தை நம்புவது

ஆகப் பரவலான தவறு இதுதான். சீடி தரம் என்பது 16 பிட் (ஒவ்வொரு மாதிரியின் நுணுக்கம்), 44.1 கிலோஹெர்ட்ஸ் (வினாடிக்கு எத்தனை ஆயிரம் மாதிரி, அதாவது சாம்பிள் ரேட்), இரண்டு சனல்: வினாடிக்கு 1,411 கிலோபிட். லாஸ்லெஸ் கோப்பு வகையான ஃபிளாக் அதைப் பாதியளவுக்குச் சுருக்கினாலும் விரிக்கும்போது ஒரு பிட்டும் குறையாமல் திரும்பத் தரும். புளூடூத்தில் அப்படி நடப்பதில்லை. அது பாவிக்கும் சுருக்கும் முறைகளில் எஸ்பிசி ஏறத்தாழ 328 கிலோபிட், ஐஃபோன் பாவிக்கும் ஏஏசி ஏறத்தாழ 256. எல்டாக் உச்சத்தில் 990 வரை போகும், ஆனால் அதுவும் இழப்புள்ள முறையே. பெட்டியில் ஒட்டியிருக்கும் ஹை-ரெஸ் வயர்லெஸ் ஸ்டிக்கர் அதை லாஸ்லெஸ் ஆக்காது. வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பு ஒன்றில் ஃபோனைத் திறந்து வைஃபை பட்டியலைப் பாருங்கள், பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் பல இருப்பது புளூடூத் ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில். அந்த நெரிசலில் எல்டாக் 660க்கும் 330க்கும் தானாக இறங்கிவிடும், திரையில் எந்த அறிவிப்பும் வராது. அப்டெக்ஸ் லாஸ்லெஸ் என்று ஒரு முறை உண்டு. அனுப்புவது, வாங்குவது இரண்டு கருவியிலும் அது இருந்து, அலைவரிசையும் தெளிவாக இருந்தால்தான் சீடி தரம் வரும். ஐஃபோனில் அது இல்லை.

வேலை செய்துகொண்டோ பேசிக்கொண்டோ கேட்க புளூடூத் போதும். லாஸ்லெஸ் வேண்டுமென்றால் வயர், அல்லது வைஃபையில் நேரடியாகப் பாட்டை எடுக்கும் ஸ்ட்ரீமர் என்ற பெட்டி. பெரும்பாலோருக்கு இவைதான் நம்பகமான வழி.

யூஎஸ்பி வழி

ஐஃபோன் தனியாக 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரைதான் தரும். ஆப்பிளின் சின்ன ஹெட்ஃபோன் அடப்டரின் எல்லையும் அதுவே. அதற்கு மேல் வெளி டிஏசி, அதாவது டிஜிட்டல் தரவை அனலொக் சத்தமாக மாற்றும் கருவி, தேவை. ஐஃபோன் 15 முதல் யூஎஸ்பி-சி இருப்பதால் நேரே கொழுவலாம். லைட்னிங் ஃபோன்களுக்கு கெமரா அடப்டர் வேண்டும். பெரிய டிஏசி என்றால் சார்ஜர் கொழுவும் துளை உள்ள அடப்டரையே வாங்குங்கள், இல்லையேல் கரண்ட் போதாது என்று ஃபோன் டிஏசியை ஏற்க மறுக்கும்.

அண்ட்ரொயிடில் சிக்கல் வேறு. எல்லாச் செயலிகளின் சத்தத்தையும் கலக்கும் உள் மிக்சர், பல ஃபோன்களில் பாட்டை 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றியே வெளியே விடும். டிஏசியின் சின்ன எல்இடி அல்லது திரை இதைக் காட்டிக்கொடுக்கும். 44.1 பாட்டு ஓடும்போது 48 என்று காட்டினால் வழியில் மாற்றம் நடந்திருக்கிறது. 96 பாட்டைப் போட்டும் 48 என்றே நின்றால் சந்தேகமே இல்லை. அண்ட்ரொயிட் 14 முதல் இந்த மிக்சரைத் தாண்ட வசதி உண்டு, ஆனால் செயலி அதைப் பாவிக்க வேண்டும். யூஎஸ்பி ஓடியோ பிளேயர் புரோ போன்ற செயலிகள் தங்கள் சொந்த டிரைவரால் தாண்டுகின்றன. மெக்கில் ஓடியோ மிடி செட்டப் போய் சாம்பிள் ரேட்டைக் கையால் மாற்றுங்கள். விண்டோஸில் செயலியின் எக்ஸ்குளூசிவ் மோடை (டிஏசியை அந்தச் செயலிக்கு மட்டும் ஒதுக்கும் வசதி) ஓன் செய்யுங்கள். 44.1 பாட்டு 48 ஆவது பெரிய நாசமல்ல. காதுக்கு அது தெரிவது அரிது. சுருக்கப்பட்ட புளூடூத்தோடு அதை ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

புறக்கோட்டையிலோ யூனிட்டி பிளாசாவிலோ யூஎஸ்பி-சி முதல் 3.5 மில்லிமீற்றர் வயர் வாங்கும்போது, உள்ளே டிஏசி சிப் இருக்கிறதா என்று கேளுங்கள். சிப் இல்லாத வெறும் வயர், அனலொக் சத்தத்தை அந்தத் துளையால் விடும் ஃபோன்களில் மட்டுமே வேலை செய்யும். ஃபோனையும் கொண்டுபோய்க் கடையிலேயே கொழுவிப் பார்ப்பது நல்லது.

டீவியும் அம்ப்பும்

டீவியில் உள்ள செயலியில் பாட்டைப் போட்டு, ஒப்டிகல் (ஒளியால் தரவை அனுப்பும் வயர்) அல்லது ஏஆர்சி (சத்தத்தை அம்ப்புக்குத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ துளை) வழியாக அம்ப்புக்கு எடுப்பவர்கள் அதிகம். டீவிகள் பெரும்பாலும் எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸில்தான் தள்ளும். டிஜிட்டல் அவுட்புட் டொல்பியில் இருந்தால் மறுபடி சுருக்கவும் செய்யும், ஆகவே சுருக்காத வடிவமான பிசிஎம் என்று மாற்றுங்கள். ஒப்டிகல் வயர் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் (சுருக்கமாக 24/96) வரை நம்பகமானது. 192 சில கருவிகளில் ஓடும், சிலவற்றில் விட்டுவிட்டுக் கேட்கும். அதற்கு 75 ஓம் கோஆக்ஸியல் நல்லது.

பழைய அம்ப்பில் டிஏசியை ஆக்ஸ், சீடி அல்லது டேப் உள்ளீட்டில் கொழுவுங்கள். ஃபோனோவில் ஒருபோதும் வேண்டாம். ரெக்கோர்ட் ஊசியின் ஏறத்தாழ 5 மில்லிவோல்ட்டுக்காகச் செய்த உள்ளீடு அது. டிஏசி தருவதோ 2 வோல்ட். சத்தம் உடையும், பேஸ் அளவுக்கு மீறி எழும். ஆக்ஸிலும் ஒரு தொல்லை உண்டு: பழைய அம்ப் 150 மில்லிவோல்ட்டிலேயே முழுச் சத்தம் தரப் பழகியது, எனவே குமிழை லேசாகத் திருகினாலே வீடு அதிரும். ஆர்சிஏ வயரில் 10 டெசிபல் குறைக்கும் அட்டனுவேட்டர் போட்டால் குமிழுக்கு இடம் கிடைக்கும்.

ஏவி ரிசீவர்களில் (ஹோம் தியேட்டர் அம்ப்புகளில்) அறைத் திருத்தம், அதாவது அறைக்கு ஏற்பச் சத்தத்தைச் சரிசெய்யும் வசதி, ஓனில் இருந்தால் பல மொடல்கள் 96, 192 சிக்னலை 48க்கு இறக்கியே வேலை செய்யும். இதற்குப் பயந்து அதை ஓஃப் செய்பவர்கள் நட்டப்படுகிறார்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக உள்ள ஹோலில் அந்தத் திருத்தம் தரும் தெளிவு, 192 என்ற எண்ணால் கிடைக்காது.

டேட்டா கணக்கு

3 நிமிடப் பாட்டு 256 கிலோபிட்டில் ஏறத்தாழ 6 எம்பி, 24/48 லாஸ்லெஸில் 36 எம்பி, 24/192இல் 145 எம்பி என்பது ஆப்பிள் தரும் கணக்கு. நாளுக்கு 2 மணித்தியாலம் கேட்டால் 24/48இல் மாதம் 43 ஜிபி போகும், 24/192இல் 174 ஜிபி. மாத எல்லை உள்ள ஃபைபர் பெக்கேஜில் இரண்டாவது எண் பிள்ளைகளின் சூம் வகுப்பையும் சேர்த்துத் தின்றுவிடும். குறிப்பிட்ட செயலிகளுக்கு மட்டும் தரப்படும் டேட்டா, உங்கள் பாட்டுச் செயலி அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால், இதற்கு உதவாது. 16/44.1 அல்லது 24/48இல் நிறுத்துவதே அறிவு. 44.1 கிலோஹெர்ட்ஸ் மனிதக் காது எட்டும் 20 கிலோஹெர்ட்ஸையும் தாண்டி அடக்குகிறது. 16 பிட் தரும் 96 டெசிபல் வீச்சு, மின்விசிறி ஓடும் அறையில் முழுதாகக் கேட்பதற்கே இல்லை.

ஸ்ட்ரீமர் வாங்குமுன் இரண்டு விடயம் பாருங்கள். நீங்கள் பணம் கட்டும் சேவை அதன் பட்டியலில் நேரடியாக இருக்க வேண்டும், அந்தச் சேவை இலங்கைக் கணக்குக்கும் கிடைக்க வேண்டும். ரவுட்டருக்கும் அதற்கும் நடுவே கொங்கிறீட் சுவர் இருந்தால் சாதாரண கெட் 5இ வயர் ஒன்று இழுங்கள். விலையுயர்ந்த நெட்வேர்க் வயர் பாட்டை மாற்றாது.

கரண்ட் விடயத்தில்

இங்கே விற்கும் பாவித்த ஜப்பான் அம்ப்புகள் பல 100 வோல்ட்டுக்குச் செய்தவை. 230இல் நேரே கொழுவினால் எரிந்துவிடும். பின்பக்க லேபிளை வாசியுங்கள். 110 வோல்ட் டிரான்ஸ்ஃபோமர் கொடுத்தால் 10 வீதம் கூடப் போகும், வெப்பம் ஏறும். 100 என்றே கேட்டு வாங்குங்கள். லேபிளில் 200 வொட் என்றால் 300 விஏ டிரான்ஸ்ஃபோமர் போதும்.

லெப்டொப்பை யூஎஸ்பியில் இணைத்ததும் "ம்ம்" என்று இரைச்சல் வந்தால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் எர்த் வட்டம்தான் (கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகச் சேர்வது) காரணம். எல்லாவற்றையும் ஒரே பலகையில் கொழுவுங்கள், அல்லது ஒப்டிகலுக்கு மாறுங்கள், அதில் மின்தொடர்பே இல்லை. எர்த் முள்ளை வெட்டுவதும், எர்த் துளையில் பேனை மூடியைச் செருகி, எர்த் வேண்டிய அம்ப்பின் வயரை இரட்டை முள் பிளக்கால் தள்ளுவதும் வேண்டவே வேண்டாம். இரைச்சல் நிற்கலாம். ஆனால் உள்ளே ஒரு வயர் கழன்று உடம்பில் பட்டால், அம்ப்பைத் தொடும் கைக்கு 230 வோல்ட் வரும்.