மேசை வாளின் பிளேட்டை எப்போது மாற்ற வேண்டும்?

பலகையின் வெட்டு விளிம்பு கருகத் தொடங்கியதும், பிளேட் மழுங்கிவிட்டது என்று முடிவு கட்டிக் கொழும்பு பழைய சோனகத் தெருவிலுள்ள ஹார்ட்வெயார் கடைகளுக்குப் புறப்படுவது அவசரமான முடிவு. அப்படிக் கழற்றப்படும் பிளேட்டில் பல வேளைகளில் அழுக்கேறியிருக்குமே தவிர, கூர் போயிருக்காது.

முதலில் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, பிளேட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பிசின் நிறைந்த பைனையும் எண்ணெய்த்தன்மையுள்ள தேக்கையும் தொடர்ந்து அறுத்தால், பற்களின் பக்கவாட்டில் பழுப்பு நிறப் பசை படிந்து இறுகி, உரசலும் சூடும் கூடி, கூரான பிளேட்கூட மரத்தைக் கருக்கும். சலவைச் சோடா கலந்த வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்துப் பழைய பல் தூரிகையால் தேய்த்தாலே இப்பசை இளகிவிடும். கடும் காரக் கலவைகளைத் தவிர்ப்பது நல்லது. கழுவியவுடன் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசாவிட்டால், கொழும்பின் உப்புக் காற்றில் துரு பிடிக்கும்.

அடுத்து, பலகையை அணைத்துத் தள்ளும் வழிகாட்டிச் சட்டத்தைச் சோதியுங்கள். ஒரு பல்லில் அடையாளமிட்டு, அது முன்பக்கம் இருக்கும்போதும், பிளேட்டைக் கையால் சுழற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுவந்த பிறகும் சட்டத்துக்கு உள்ள தூரத்தை அளந்து பார்க்க வேண்டும். பின்பக்கத் தூரம் குறைந்திருந்தால், பலகை பிளேட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் நெருக்கப்படும். கருகலுக்கு மட்டுமல்ல, பலகை திருப்பி அடிப்பதற்கும் அதுவே காரணமாகலாம்.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் பலகையை முன்னைவிட அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால், மோட்டரின் ஒலி திணறினால், பிளைவூட்டின் அடிப்பக்கம் சிராய்கள் பிய்ந்து வந்தால், கூர் போய்விட்டது எனக் கொள்ளலாம். பற்களின் நுனியில் ஒட்டப்பட்டுள்ள, கார்பைட் எனும் கடினப் பொருளாலான முனையை விளக்கருகே பிடித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்: கூரான விளிம்பில் ஒளி தங்காது, மழுங்கிய விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். தேக்கிலுள்ள சிலிக்காவும் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பிளைவூட் ஆகியவற்றின் பசையும் இந்த நிலையை விரைவாகக் கொண்டுவரும்.

மழுங்கிய பிளேட் எல்லாம் வீசப்பட வேண்டியதல்ல. முனைகள் இன்னும் தடிப்பாக இருந்தால் வைரச் சாணையில் கூர் தீட்டலாம். கார்பைட்டுக்கு அரம் ஏறாது என்பதால் கையால் முயல வேண்டாம். விலை குறைந்த பிளேட்டுக்குச் சாணைக் கூலி கட்டுப்படியாகாது. ஆனால் தகட்டில் வெடிப்பு, வளைவு, சூட்டால் நீலம் பாய்ந்த திட்டு, உடைந்த அல்லது கழன்ற பற்கள் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், கூர் எப்படியிருப்பினும் அந்த பிளேட்டை அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

புதியது வாங்கும்போது அங்குலக் கணக்கு மட்டும் போதாது. நடுத்துளை 30 மில்லிமீற்றரா 25.4 மில்லிமீற்றரா எனப் பார்த்து, பிளேட்டில் அச்சிட்டுள்ள உச்ச வேகம் உங்கள் இயந்திரத்தின் வேகத்துக்குக் குறையாதிருப்பதை உறுதிசெய்யுங்கள். பல் கூடினால் தரமும் கூடும் என்ற எண்ணம் பிழையானது: 10 அங்குல பிளேட்டில் நார்ப்போக்கில் கிழிக்க 24 பற்களும், பொது வேலைக்கு 40 முதல் 50 வரையும், பிளைவூட்டுக்கும் குறுக்குவெட்டுக்கும் 60 முதல் 80 வரையும் பொருந்தும். பிளேட்டின் பின்னால் நிற்கும் பிரிப்புத் தகடு, புதிய பிளேட்டின் உடலைவிடச் சற்றுத் தடிப்பாகவும் அதன் வெட்டுப் பிளவைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். தடிப்புக் கூடினால் பலகை பாதியில் சிக்கிக்கொள்ளும்.