தொடை இடுக்கு அரிப்புக்குக் களிம்பு வாங்கும் முன் முடியைப் பாருங்கள்

வேலூர் தோட்டப்பாளையத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், "அக்கா, படைக்குப் போடும் களிம்பு ஒன்று" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்கள் கூடிவிடுவார்கள். வேர்வைக்குப் படை வருவது இங்கே சகஜம்தான். ஆனால் அந்த அரிப்பில் சில, அந்தரங்க முடியில் குடியேறிய பேனால் வருபவை. ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் அரிப்பு சற்று அடங்கும்; பேன் சாகாது.

ஆகவே முதலில் பாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, கைபேசி வெளிச்சத்தில் முடியின் அடியைக் கவனியுங்கள். இந்தப் பேன் தலைப்பேனைவிடச் சிறியது, 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். உடல் நண்டுபோல் அகன்று தட்டையாக இருக்கும். பின்னால் உள்ள இரண்டு ஜோடிக் கால்கள் கொடுக்குபோல் தடித்திருக்கும். முடியைப் பற்றிக்கொண்டு தோலோடு தோலாக அசையாமல் கிடப்பதால் மச்சம், பொருக்கு என்று விட்டுவிடுவோம். நகத்தால் மெல்லக் கிளப்பி வெள்ளைத் தாளில் வையுங்கள், கால் அசையும். பேன் முட்டையான ஈர் முடியோடு ஒட்டியிருக்கும், பொடுகைப்போல் தட்டினால் உதிராது. இரவில் கூடும் அரிப்பு, உள்ளாடையில் துரு நிறப் பொட்டுகள், தோலில் நீலம் பாய்ந்த தடங்கள் ஆகியவையும் அடையாளங்கள். அக்குள், மார்பு, தாடி, இமை முடிகளையும் விடாமல் பாருங்கள்.

பேன்தான் என்றால் 1 சதவீத பெர்மெத்ரின் என்னும் பேன் மருந்து போதும். கழுவித் துடைத்த இடத்தில் தடவி, 10 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். ஈர்களை ஈர்கொல்லிச் சீப்பால் வாரி எடுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஈர் பொரிய 6 முதல் 10 நாள் ஆகும். மருந்துக்குத் தப்பிய ஈர் அதற்குள் பேனாகிவிடும். எனவே 9 அல்லது 10ஆம் நாள் மறுபடி தடவியே ஆக வேண்டும். இடையில் அரிப்பு மிச்சமிருந்தால் பயந்து தினமும் பூசாதீர்கள். பேன் செத்த பிறகும் தோல் ஆறச் சில நாள் பிடிக்கும். 5 சதவீதக் களிம்பு சொறி சிரங்குக்கானது, மருத்துவர் சொன்னால் மட்டும் வாங்குங்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், தோல் வெந்துவிடும். மழித்தால் மட்டும் தீராது. மற்ற முடிகளில் அது பிழைத்துக்கொள்ளும். இமையில் இருந்தால் இந்த மருந்து கண்ணருகே போகக்கூடாது, கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கணவனுக்கு மட்டும் மருந்து வாங்கிப்போய் மனைவியிடம் மறைத்தால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். இருவரும் ஒரே நாளில் தடவுங்கள். முழுவதும் போகும்வரை உறவு வேண்டாம். ஆணுறை இதைத் தடுக்காது. பெரும்பாலும் உடலுறவில் பரவுவது என்பதால் மற்ற பால்வினை நோய்களுக்கும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை.

சி.எம்.சி. மருத்துவமனைக்கு அருகே உள்ள காந்தி ரோடு லாட்ஜுகளில் நோயாளியோடு வாரக்கணக்கில் தங்குபவர்கள், படுக்கையிலிருந்து வந்ததா என்று கேட்கிறார்கள். பிறர் பயன்படுத்திய துண்டு, போர்வை வழியாக அரிதாக வரலாம். கழிப்பறை இருக்கையில் வராது. வழவழப்பான பரப்பை அந்தக் கால்கள் பற்ற முடியாது. உடலைவிட்டு இறங்கினால் ஓரிரு நாளில் செத்துவிடும், அதனால் அறைக்குப் பூச்சிமருந்து அடிக்கத் தேவையில்லை. உள்ளாடை, துண்டு, விரிப்புகளை நல்ல வெந்நீரில் துவைத்து மொட்டைமாடி வெயிலில் காய வையுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் ஒதுக்கிவிடுங்கள்.

குழந்தையின் இமையிலோ புருவத்திலோ இந்தப் பேனைக் கண்டால் கடையில் மருந்து கேட்காதீர்கள். கூடப் படுத்ததால் வந்திருக்கலாம். யாரோ தவறாக நடந்ததாலும் வந்திருக்கலாம். குழந்தையைத் திட்டாமல், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சந்தேகம் வலுத்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள்.