தகவல் தொடர்பு மாதிரிகள்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செய்தி ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எப்படிப் போகிறது என்பதைப் பெட்டிகளாலும் அம்புக்குறிகளாலும் காட்டும் படம்தான் 'மாதிரி'. தகவல் தொடர்பைப் புதிதாகப் படிக்க வருபவர்கள் திரும்பத் திரும்ப ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள். அம்புக்குறியைத் திருப்பிப் போடுவது, ஆண்டை மாற்றி எழுதுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். நாலு முறை படம் வரைந்தால் அவை தாமே சரியாகிவிடும்.

எல்லாக் கோளாறுக்கும் 'இரைச்சல்' என்று பெயர் வைப்பது

இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948-இல் எழுதிய கட்டுரையில் வரைந்த படத்தில் தகவல் மூலம், அனுப்பி, வழித்தடம், வாங்கி, சேருமிடம் என ஐந்து உறுப்புகள். இரைச்சல் நடுவில், வழித்தடத்தில் மட்டும் நுழைகிறது. கிளம்பிய சமிக்ஞையும் வந்து சேர்ந்த சமிக்ஞையும் வேறுபட்டால்தான் அது இரைச்சல். பொருள் என்பது தம் பொறியியல் கணக்குக்குள் வராது என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே அவர் ஒதுக்கிவிட்டார். 1949-இல் ஷானனின் மாதிரியை விளக்கி எழுதிய வாரன் வீவர், பொருள் சார்ந்த இரைச்சலையும் சேர்க்கலாம் என்றபோதுகூட, அதற்குத் தனிப் பெட்டிதான் கேட்டார்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், இரண்டுக்கும் மருந்து வேறு. இரைச்சலுக்கு, திரும்பச் சொல்லலாம், மெதுவாகச் சொல்லலாம், வழித்தடத்தை மாற்றலாம். பொருள் பிசகியிருந்தால் பத்து முறை சொன்னாலும் கேட்பவர் மனத்தில் அதே தப்பான பொருள்தான் இறுகும்.

1977 மார்ச் 27, டெனரிஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம், கடும் மூடுபனி. அனுமதி கிடைக்கும் முன்பே ஓடுபாதையில் வேகமெடுத்த விமானத்திலிருந்து, 'டேக்-ஆஃப்' என்ற சொல்லோடு ஒரு தெளிவற்ற வாக்கியம் வந்தது. புறப்படும் இடத்தில் காத்திருப்பதாகச் சொல்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறை எடுத்துக்கொண்டது. இது பொருள் பிசகு. அடுத்து, 'காத்திருங்கள், அழைக்கிறேன்' என்று கட்டுப்பாட்டாளர் சொன்ன அதே நேரத்தில், அந்த ஓடுபாதையிலேயே ஊர்ந்துகொண்டிருந்த மற்றொரு விமானமும் பேச, வானொலியில் இரண்டு பேச்சும் மோதிக் கீச்சொலியாகிவிட்டன. இது இரைச்சல். விமானங்கள் இரண்டும் மோதி 583 பேர் இறந்தார்கள். கீச்சொலிக்கு மட்டும் தீர்வு தேடியிருந்தால் முதல் ஓட்டை அப்படியே இருந்திருக்கும். பிறகு வந்த விதிப்படி, 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்'.

சோதிக்க ஒரு வழி: கேட்டவரிடம், காதில் விழுந்த சொற்களை அப்படியே எழுதச் சொல்லுங்கள். சொற்களே மாறியிருந்தால் இரைச்சல். சொற்கள் சரியாக இருந்து செயல் மாறினால் பொருள் பிசகு. 'நாளைக்குள் அனுப்பு' என்பதை ஒருவர் காலை என்றும் மற்றவர் நள்ளிரவு என்றும் கொள்வது இரண்டாம் வகை. நேரத்தைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

'புரிந்ததா?' என்று கேட்டதைப் பின்னூட்டக் கணக்கில் சேர்ப்பது

அதற்கு 'ஆம்' என்ற பதில்தான் வரும். அந்த 'ஆம்' எதையும் காட்டாது. 'முதலில் என்ன செய்யப் போகிறீர்கள், எப்போது?' என்று கேளுங்கள். விமானிகள் உயரத்தையும் அனுமதியையும் திருப்பிச் சொல்வது இதற்காகத்தான். பாதிப் பேர் மறப்பது, திருப்பிச் சொன்னதை அனுப்பியவர் காதுகொடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்பதை. அதைச் செய்யாவிட்டால் வட்டம் மூடாது.

பெர்லோவின் நான்கு பெட்டிகளோடு நின்றுவிடுவது

1960-இல் டேவிட் பெர்லோ தந்த மாதிரியில் அனுப்புபவர், செய்தி, ஊடகம், பெறுபவர் என நான்கு பெட்டிகள். அதன் பயன் பெட்டிகளுக்குள்ளே இருக்கிறது. அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் ஒரே ஐந்து வரிகள்: தொடர்புத் திறன், மனப்பான்மை, அறிவு, சமூக அமைப்பு, பண்பாடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எந்த வரியில் இடைவெளி அதிகமோ அங்கே செய்தியைத் திருத்துங்கள். ஊடகப் பெட்டியில் 'மின்னஞ்சல்' என்று எழுதாதீர்கள். பெர்லோ அங்கே வைத்தது ஐம்புலன்களை.

புதிய மாதிரி வந்ததும் பழையதைத் தூக்கிப் போடுவது

அபாயச் சங்குக்கு ஒருவழி மாதிரி போதும். இருவர் எதிரெதிரே பேசும்போது, இருவருமே ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்கிறார்கள் என்று காட்டும் பார்ன்லண்டின் 1970 மாதிரியை எடுங்கள்.

7-38-55

பேச்சின் தாக்கத்தில் சொற்களுக்கு 7%, குரலுக்கு 38%, முகபாவத்துக்கு 55% என்று பலர் சொல்லும் கணக்கு இது. இதற்கு அடிப்படையான, உளவியலாளர் மெஹ்ராபியனின் 1967 ஆய்வுகள் உணர்வையும் விருப்பு வெறுப்பையும் பற்றியவை. எல்லாப் பேச்சுக்கும் பொருத்த வேண்டாம்.