குளிர்ல வெளிய மாட்டிக்கிட்டா எந்த துணி கை கொடுக்கும்? புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு

வண்டி நடுவழில நின்னுடுச்சு, இல்ல மலைல வழி தவறி இருட்டிடுச்சு, கூடவே மழை. இப்படி ஒரு ராத்திரிய வெளிய ஓட்டணும்னா தடியா ஒரு ஜாக்கெட் இருந்தா போதும்னுதான் பல பேர் நினைக்கிறாங்க. உண்மைல நம்மள சூடா வைக்கிறது துணிக்குள்ள அசையாம நிக்கிற காத்துதான், துணி நனைஞ்சா அந்த காத்து காலி.

ஸ்டெப் 1: பீரோவ திறங்க
ஒவ்வொண்ணா லேபிள் பாருங்க. காட்டன் எல்லாம் தனியா போகட்டும், ஜீன்ஸும் காட்டன்தான், பாதி ஹூடியும் காட்டன்தான். வெயிலுக்கு அருமை, ஆனா தண்ணிய குடிச்சுட்டு லேசுல காயாது, காத்த விட தண்ணி சுமார் 25 மடங்கு வேகமா உடம்பு சூட்ட இழுத்துடும். நம்பலேன்னா ஒரு காட்டன் டீஷர்ட்டையும் ஒரு ஃபிளீஸையும் (பாலியஸ்டர்ல செய்யற புசுபுசு ஸ்வெட்டர்) நனைச்சு முறுக்கி பிழிஞ்சு நாலு உதறு உதறிட்டு கன்னத்துல வெச்சு பாருங்க. காட்டன் சில்லுனு ஒட்டிக்கும், ஃபிளீஸ் புசுபுசுன்னு எழுந்து நிக்கும்.

ஸ்டெப் 2: மூணு அடுக்கு
தோல ஒட்டி மெல்லிசா பாலியஸ்டரோ மெரினோ கம்பளியோ (மெரினோங்கற ஆட்டோட மெல்லிசான கம்பளி), அதுக்கு மேல ஃபிளீஸ் இல்லேன்னா கம்பளி ஸ்வெட்டர், எல்லாத்துக்கும் மேல காத்தும் மழையும் புகாத ஒரு கோட்டு. சாதாரண ரெயின்கோட் கூட ஓகே.

என் ஓட்டு கம்பளிக்குதான். கனம் ஜாஸ்தி, ஆனா தன் எடைல மூணுல ஒரு பங்கு வரைக்கும் ஈரத்த இழுத்துக்கிட்டும் ஓரளவு சூடு தரும், நெருப்பு பக்கத்துல உக்காந்தா பொறி பட்டு ஃபிளீஸ் மாதிரி உருகி ஓட்டையாகாது. வாத்து இறகு வெச்ச ஜாக்கெட் காஞ்சிருக்கற வரைக்கும் ராஜா, நனைஞ்சா இறகு கட்டி கட்டியா சேர்ந்து ஒண்ணுக்கும் ஆகாது, அதனால மழை வர்ற இடம்னா சிந்தெட்டிக் பஞ்சு வெச்சத எடுங்க.

வாங்கும்போது மூணையும் ஒண்ணா போட்டு கைய மேல தூக்குங்க, குந்தி எழுந்திருங்க. இடுப்பு வெளிய தெரிஞ்சாலோ அக்குள்ல இறுக்கினாலோ வேணாம், வெளி கோட்டு ஒரு சைஸ் பெருசாவே இருக்கட்டும்.

ஸ்டெப் 3: தலை, கை, கால்
பாதி சூடு தலை வழியாதான் போகுதுன்னு சொல்றதெல்லாம் கதை, இருந்தாலும் மங்கி கேப் கண்டிப்பா வேணும். விரல் விரலா இருக்கற கிளவுஸ விட நாலு விரலும் ஒண்ணா இருக்கறதுதான் சூடு. சாக்ஸ் மேல சாக்ஸ் போட்டு ஷூ இறுகிடுச்சுன்னா ரத்த ஓட்டம் குறைஞ்சு கால் இன்னும் விறைச்சு போகும்.

ஸ்டெப் 4: எப்ப போடணும், எப்ப கழட்டணும்
இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. நடக்கறதுக்கு முன்னாடியே ஒரு அடுக்கு கழட்டிடுங்க, லேசா குளிரட்டும் பரவால்ல, வேர்த்துட்டா உள்ளிருந்தே நனைஞ்சிடுவீங்க. நின்ன உடனே, குளிர் தெரியறதுக்கு முன்னாடியே திரும்ப போட்டுக்கணும். வெறும் தரைல உக்காராதீங்க, பை, கயிறு, காஞ்ச எலை எது கிடைச்சாலும் அடியில போடுங்க.

ஸ்டெப் 5: கைல ஒண்ணுமே இல்லேன்னா
பெரிய குப்பை கவர்ல முகத்துக்கு ஓட்டை போட்டு மாட்டிக்கிட்டா அதுவே ரெயின்கோட். சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவுல கசக்கின பேப்பர், காஞ்ச எலை திணிச்சுக்கோங்க, அரிக்கும், இருந்துட்டு போகுது.

கூட இருக்கறவங்களையும் கவனிங்க. உடம்பு சூடு 35 டிகிரி செல்சியஸுக்கு கீழ போறது ஆபத்து, அதுக்கு பனி கொட்டணும்னு இல்ல, ஈரமும் காத்தும் சேர்ந்தா 10 டிகிரிலயே நடக்கும். வெடவெடன்னு நடுங்கிட்டு இருந்தவர் சூடாகாமலே நடுக்கம் நின்னு பேச்சு குழறினா ஈரத்துணிய கழட்டி காஞ்சத சுத்தி உடனே உதவி கூப்பிடுங்க, கை கால தேய்க்கவும் வேணாம், சரக்கு குடுக்கவே வேணாம்.